பிறந்த 12 மணி நேரத்துக்குள்

கண்ணு,

போனைத்தான் எடுக்க மாட்டேன் என்கிறாய், எழுதினால் படிப்பாய் என்று எழுதுகிறேன். மஞ்சள் வெட்டியாயிற்று, அப்பாவின் விலைப் புலம்பல் ஓயவில்லை. அது கிடக்கட்டும்.

போன வாரம் மாப்பிள்ளை கூப்பிட்டார். "அத்தை, பெரியவங்களுக்கு ஹெபடைட்டிஸ் பி ஊசி எத்தனை மாச இடைவெளியில போடணும்?" ஆபீஸில் போடச் சொல்கிறார்களாம். இன்றைக்கு ஒன்று, அடுத்த மாசம் ஒன்று, ஆறாவது மாசம் ஒன்று என்று சொல்லி வைத்துவிட்டேன். வளைகாப்பன்று நீ காபி குடித்த டம்ளரை நீயே கழுவி, ஜன்னலோரம் தனியாகக் கவிழ்த்ததையும் பார்த்தேன். அன்றைக்கும் ஒன்றும் கேட்கவில்லை. கிராம சுகாதார செவிலியராக ஊரில் உள்ள கர்ப்பிணிகளுக்கெல்லாம் கார்டு எழுதினவள் நான். உன் கார்டை மட்டும் என் கண்ணில் காட்டாமல் பையில் பூட்டிக்கொண்டாய். உனக்கு ஹெபடைட்டிஸ் பி, கல்லீரலைத் தாக்கும் அந்த வைரஸ், இருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

டம்ளரைப் பிரிக்க வேண்டாம் சாமி. சேர்ந்து சாப்பிட்டால் அது ஒட்டாது. ரத்தம், தாம்பத்தியம், பிரசவம், இவைதான் அதற்கு வழி. பிளேடு, நகவெட்டி, டூத் பிரஷ் மட்டும் தனியாக இருக்கட்டும். பிள்ளைக்குத் தாய்ப்பாலும் தாராளமாகக் கொடுக்கலாம்.

பிறந்த உடனே தொற்றினால் நூற்றுக்கு 90 பிள்ளைகளுக்கு அது உடம்பிலேயே தங்கிவிடும். பெரியவர்களுக்கு வந்தால் பெரும்பாலும் தானே போய்விடும். அதனால்தான் 12 மணி நேரம், 12 மணி நேரம் என்று அடித்துக்கொள்கிறேன். பிள்ளை பிறந்து அதற்குள் ஒரு தொடையில் தடுப்பூசி, மறு தொடையில் இம்யூனோகுளோபுலின் என்கிற எதிர்ப்புப் பொருள் ஊசி. ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று பார்க்கிற டி.என்.ஏ. டெஸ்ட் உனக்கு எடுத்தார்களா? வைரஸ் இரண்டு லட்சத்துக்கு மேல் என்றால் 28-வது வாரத்திலிருந்து வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரை தருவார்கள். உனக்கு அந்தக் கணக்கு இப்போதுதான் வருகிறது. பிரசவத்துக்கு அப்புறம் மாத்திரையை நீயாக நிறுத்தாதே, கல்லீரல் திடீரென்று கொந்தளிக்கும்.

தலையணைக்கு அடியில் கீழாநெல்லி மாத்திரை டப்பாவையும் பார்த்தேன். எம்.எஸ்சி.யில் மெடல் வாங்கினவள், உன்னைப் பற்றி நான் பேசாத வீடு இந்தத் தெருவில் இல்லை. நீயா இது? சென்னை டாக்டர்கள், இந்த வைரஸைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய பிளம்பர்க்கோடு சேர்ந்து, கீழாநெல்லியைச் சோதித்து, பலன் இருக்கிறது என்று 1988-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள்தான். அப்புறம் மற்றவர்கள் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு அதை விழுங்காதே.

மாப்பிள்ளை போனை வைத்ததும் எனக்கு உன் அம்மிச்சிதான், என்னைப் பெற்றவள்தான், கண்ணுக்குள் வந்தாள். வயிற்றில் நீர் கோத்து, கடைசியில் ரத்த வாந்தி. ஊர் வாய் என்னென்ன பேசியது என்று உனக்கும் தெரியும். மறுநாளே பெருந்துறை ஆஸ்பத்திரிக்குப் போய் டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்தேன். எனக்கும் பாசிட்டிவ் கண்ணு. அப்பாவுக்கு இல்லை.

உனக்கு என்னிடமிருந்துதான் வந்திருக்கும். நீ பிறந்தபோது அரசாங்க அட்டவணையிலேயே அந்த ஊசி கிடையாது. அதையும் சேர்த்து ஐந்து நோய்க்கு ஒரே ஊசியாகப் போடும் பென்டா தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் வந்ததே 2011 டிசம்பரில்தான். அதனால் மாப்பிள்ளையைச் சந்தேகப்படாதே, உன்னையும் நொந்துகொள்ளாதே. மாமியாரிடம் சொல்வதா வேண்டாமா என்பது உன் இஷ்டம், என் வாயிலிருந்து வராது.

என் கல்லீரலில் இப்போதைக்கு சிரோசிஸ் என்கிற சுருக்கம் இல்லை என்றார் டாக்டர். ஆனாலும் இது சுருக்கம் இல்லாமலே புற்றுநோயில் கொண்டுபோய் விடக்கூடியது, அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனும் ஏ.எஃப்.பி. என்கிற ரத்த டெஸ்டும் பார்க்க வேண்டும். 2018-ல் வந்த அரசாங்கத் திட்டத்தில் டெஸ்டும் மாத்திரையும் இலவசம், என் காசைப் பற்றிக் கவலைப்படாதே. தம்பியையும் சோதிக்கச் சொல்கிறேன்.

டி.என்.ஏ. ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து என் நம்பருக்கே அனுப்பு, அப்பா நம்பருக்கு வேண்டாம். ஆஸ்பத்திரி ஃபிரிட்ஜில் இம்யூனோகுளோபுலின் இருக்கிறதா என்று இந்த வாரமே கேள். இல்லையென்றால் சீட்டு வாங்கி மாப்பிள்ளையை இப்போதே சொல்லி வைக்கச் சொல். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வலி எடுத்தால் எந்தக் கடையில் போய்த் தேடுவார்?

அம்மா