முடிவை எழுதிவிட்டுத் தொடங்குங்கள்: தமிழ்த் தொலைக்காட்சிகளின் நாடகப் பிரிவுகளுக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பிலிருந்து ஒளிபரப்பும் தமிழ்த் தொலைக்காட்சிகளின் நாடகப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். நான் திருகோணமலையில் டிஷ் பூட்டுகிற, பழுது பார்க்கிற ஆள். உப்புவெளியில் சின்னக் கடை. டவுனுக்குள்ளும் நிலாவெளிப் பக்கமும், கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் என்றும் கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் போய்க் கூரையில் ஏறுவதுதான் தொழில். மேலே நின்று "இப்ப வருதா?" என்று கத்தினால் "வருது தம்பி, ஆனா நான் கேட்ட சனல் இல்ல" என்று கீழேயிருந்து பதில் வரும். எந்தச் சனலை முதலில் வைத்துக் காட்டச் சொல்கிறார்கள், எந்த நாடகம் தொடங்க முன்னம் வேலையை முடிக்கச் சொல்லி நெருக்குகிறார்கள் என்பதை வைத்தே ஒரு வீட்டின் ரசனையைச் சொல்லிவிடலாம். இறங்கி வந்து தேத்தண்ணி குடித்து முடிவதற்குள் விமர்சனமும் வந்துவிடும். அந்த விமர்சனங்களைத்தான் உங்களிடம் கொண்டுவருகிறேன்.

உங்களிடம் ஏன்? இந்தியாவில் பார்க் என்ற அமைப்பு, தெரிவு செய்த வீடுகளில் கருவி பூட்டி யார் எதைப் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கிறது. வியாழக்கிழமை வெளியாகும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் அங்கே ஒரு மருமகள் வாழ்வதும் சாவதும். அந்த வீடுகளில் ஒன்றுகூட இலங்கையில் இல்லை. சன் டிவியை எங்கள் ஆட்கள் எத்தனை வருடமாகப் பார்த்துத் தேய்ந்தாலும் சென்னையில் எங்கள் கண்ணுக்குப் பெறுமதி சுழியம். கோபித்துக்கொண்டு டிவியை நிறுத்தினாலும் அங்கே ஒருவருக்கும் தெரியவராது. உங்களுக்கு மட்டுந்தான் எங்களை எண்ணிப் பார்க்க வழி இருக்கிறது.

எல்லாரும் முதலில் சொல்கிற குறை, "நாடகத்தை இழுக்கிறாங்கள்". இதை நான் முழுதாக நம்புவதில்லை. இழுவை பிடிக்காத சனம் மெட்டி ஒலியை எப்படிப் பார்த்தது? ஐந்து பெண்பிள்ளைகளைப் பெற்ற ஒரு தகப்பனின் கதை. பாதி நாள் யாராவது ஒருத்தி பிறந்த வீட்டுக்கு வந்து அழுதுகொண்டிருப்பாள், மீதி நாள் அவளைச் சமாதானப்படுத்திக் கொண்டுபோய் விடுவார்கள். அதைவிட ஆறுதலாக நடந்த கதை கிடையாது. 2002இலிருந்து 2005 வரை ஓடிய அந்தக் காலத்தில் எங்கள் மணிக்கூடு சென்னை மணிக்கூட்டைவிட அரை மணித்தியாலம் முந்தி ஓடியது. 2006 ஏப்ரலில்தான் நேரத்தைப் பழையபடி ஆக்கினார்கள். கூட்டிக் கழித்து, நேரம் பிசகாமல் வந்து குந்தினார்கள். 2020 ஊரடங்கில் சன் அதைத் திரும்பப் போட்டபோது, முடிவு தெரிந்தும் மறுபடி பார்த்தார்கள்.

மெதுவாகப் போவதில் சனத்துக்கு வெறுப்பில்லை. நேற்று நடந்ததை இன்று நாடகமே மறந்துவிடுவதில்தான் வெறுப்பு. தம்பலகாமத்தில் ஒரு அம்மா சொன்னது: "மாமியார்க்காரி பாலில நஞ்சு கலந்தவ. முழுக் குடும்பத்துக்கும் தெரியும். அடுத்த மாசம் அவவின்ர கையாலயே எல்லாரும் சோறு வாங்கித் தின்னுறாங்கள். எங்கட வீட்டில ஒருத்தி கறிக்கு உப்பைக் கூடப் போட்டாலே மூண்டு தலைமுறைக்கு மறக்க மாட்டம்." மெட்டி ஒலியில் ஒரு வீட்டில் விழுந்த சொல் மற்ற நாலு வீட்டிலும் போய் இடிக்கும். அதுதான் அவர்களைக் கட்டிப்போட்டது என்பது என் எண்ணம். பக்கத்து வீட்டுக் குடும்பத்தைப் போல, அந்தக் குடும்பத்துக்கும் ஞாபகம் இருந்தது.

நாடகம் ஏன் மறக்கிறது? எழுதுகிறவருக்கே கதை எங்கே போய் நிற்கப்போகிறது என்று தெரியாது, அதனால். கிழமையில் ஆறு நாள், நாளுக்கு விளம்பரம் போக இருபது நிமிடம் மட்டில் கதை வேண்டும். எண் கூடினால் முடிக்க விடமாட்டார்கள், குறைந்தால் அவசரமாக மூட்டை கட்டச் சொல்வார்கள். எப்படிப் பார்த்தாலும் முடிவு கதைக்குள்ளிருந்து வருவதில்லை, வியாழக்கிழமையிலிருந்து வருகிறது. 2003இல் தொடங்கிய கோலங்கள் 2009 வரை 1,533 பகுதிகள் ஓடியது. ஒரு பகுதிக்கு இருபது நிமிடமென்று வைத்தாலும் 500 மணித்தியாலத்துக்கு மேல். தேவயானியின் அபியைப் பிடிக்காத வீடு அந்த நேரம் எங்கள் பக்கத்தில் இருக்கவில்லை. அப்படிப்பட்ட நாடகத்தின் கடைசியில் என்ன நடந்தது என்று இப்போது கேட்டுப் பாருங்கள். நான் கேட்டவர்களில் தடுமாறாமல் சொன்னவர் ஒருவருமில்லை.

இதை என் தொழிலிலேயே காண்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மாரியில் மழை இறுகினால் சிக்னல் போய்விடும். காற்றுக்கு டிஷ் திரும்பிவிட்டால் நான் வரும்வரை ஒரு கிழமைகூட டிவி இருக்காது. திருத்திக் கொடுத்துப் போட்டுப் பார்த்தால் அதே வரவேற்பறை, அதே மாடிப்படி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வெளிக்கிட்ட அதே மருமகள் இன்னும் வாசலைத் தாண்டவில்லை. வீட்டுக்காரர் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. ஒரு கிழமை பார்க்காமலிருந்தும் ஒன்றும் தவறவில்லை என்று கண்டுகொண்ட வீடு, அடுத்த மாதம் ரீசார்ஜ் போட யோசிக்கும். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய நேரத்தில் இது பெரிதாகப் பரவியது. சனம் ஃபோனில் புரோமோவை மட்டும் பார்த்துவிட்டுக் கதையைப் பிடித்துக்கொள்ளப் பழகிவிட்டது. கரண்ட் திரும்பி வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. முப்பது வினாடியில் ஒரு நாளின் கதை அடங்கிவிடுகிறதென்றால் மிச்ச நேரம் முழுக்க என்ன ஓடுகிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

இன்னொரு பேச்சு, நடிகர் மாறினால் நாடகம் படுத்துவிடும் என்பது. எதிர்நீச்சல் அதற்கு எல்லாரும் காட்டும் உதாரணம். ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் திடீரென இறந்தார். மூதூரிலிருந்து நிலாவெளி வரை அந்த மனிசனுக்காக உண்மையிலேயே துக்கப்பட்டார்கள். அவரைத் திட்டித் தீர்த்தவர்கள்தான் கூடுதலாக. பிறகு வேல ராமமூர்த்தி வந்தார். நல்ல நடிகர்தான். ஆனாலும் "அவர் போனதோட நாடகமும் போச்சு" என்பதே பேச்சு, 2024 ஜூனில் நாடகமும் முடிந்தது.

ஆனால் பாண்டியன் ஸ்டோர்ஸுக்கும் அதே இடி விழுந்தது. முல்லையாக நடித்த சித்ரா 2020 டிசம்பரில் இறந்தார், அந்த இடத்துக்குக் காவ்யா வந்தார். முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு ஏற்றுக்கொண்டார்கள். அந்த நாடகம் 2023 வரை போனது. வித்தியாசம் நடிப்பில் இருக்கவில்லை. பாண்டியன் ஸ்டோர்ஸில் ஒரு பலசரக்குக் கடை இருந்தது. நாலு சகோதரங்கள், அவர்களுடைய பெண்சாதிமார் எல்லாரும் அந்தக் கடைக்குள் கட்டுப்பட்டவர்கள். ஒரு முகம் மாறினாலும் கடை திறக்கத்தான் வேண்டும். எதிர்நீச்சலோ அந்த வீட்டு மருமகள்கள் தங்கள் காலில் எழும்பி நிற்கும் கதையாகத் தொடங்கியது. போகப்போக அதன் முழுப் பாரத்தையும் ஒரு வில்லன் தலையில் ஏற்றிவிட்டார்கள். அவருக்கு அவ்வளவு கைதட்டு. அந்தப் பெண்கள் எங்கே போய்ச் சேருவார்கள் என்று முதலே எழுதி வைத்திருந்தால், அந்த மனிதரை மரியாதையாகக் கதையிலிருந்தும் அனுப்பிவைத்துவிட்டு அந்தப் பெண்களின் கதையைச் சொல்லியிருக்கலாம். இது என் அபிப்பிராயம், மூதூரில் ஒரு ராத்தா (முஸ்லிம் வீட்டு அக்கா) இதை ஒத்துக்கொள்ளவேயில்லை. "வில்லன் இல்லாம என்னத்த நாடகம் தம்பி, அதுக்கு நான் நியூஸ் பார்ப்பேனே" என்றார்.

(ஆண்கள் நாடகம் பார்ப்பதில்லை. கதவு நிலையில் சாய்ந்து நின்று, தற்செயலாக அந்தப் பக்கம் கண் போவதுதான். எந்த மருமகளுக்கு எந்த வழக்கு நடக்கிறது என்று அவர்களிடம் கேட்டால் திகதியோடு சொல்வார்கள்.)

முடிவு வைத்துச் செய்த நாடகம் தோற்கும் என்று நீங்கள் பயப்படலாம். ரூபவாஹினியில் 'சுஜாத தியணி' என்ற பெயரில் சிங்களத்தில் ஓடிய கொரியத் தொடர் ஞாபகம் இருக்கும். மொத்தம் 54 பகுதிகள். அரண்மனைச் சமையற்கட்டுக்குள் போன ஒரு பிள்ளை கடைசியில் வைத்தியராகிற கதை. எங்கள் பக்கத்தில் சிங்களம் அரைகுறையாகத் தெரிந்த தமிழ் வீடுகளிலும் அதைப் பார்த்தார்கள். விளங்காத இடத்தைப் பக்கத்து வீட்டுச் சிங்கள நோனாவிடம் கேட்டார்கள். அதில் பழிவாங்கல், சதி, நஞ்சு எல்லாம் இருந்தது. ஆனால் அவளுக்கு ஒரு தொழில் இருந்தது, ஒவ்வொரு கிழமையும் அந்தத் தொழிலில் ஒரு படி ஏறினாள். எங்கே ஏறுகிறாள் என்று எழுதியவருக்குத் தெரிந்திருந்தது. தமிழில் மர்மதேசத்தை எடுங்கள். தொண்ணூறுகளில் வந்தது, ஒவ்வொரு கதையும் அதனதன் முடிச்சு அவிழ்ந்ததும் முடிந்துவிடும். அது வந்த காலத்தில் பிறக்காத பிள்ளைகள் இன்று யூடியூபில் தேடிப் பார்க்கிறார்கள். தினமும் ஓடிய எத்தனையோ நாடகங்களை அப்படித் தேட ஆளில்லை.

எங்கள் நாட்டிலேயே சிங்கள நாடகக்காரர்களிடம் இந்த வழக்கம் வெகுகாலம் இருந்தது: கிழமைக்கு ஒரு நாள், ஒரு கதை, முடிவு. 2017இல் ஐ.டி.என். சனலில் தொடங்கிய 'கூம்பியோ' என்ற தொடரை எங்கள் பெடியன்கள்கூட யூடியூபில் பார்த்தார்கள். நாங்களும் தெரியாதவர்களல்ல. சில்லையூர் செல்வராசன் இலங்கை வானொலிக்கு எழுதிய 'தணியாத தாகம்' பற்றி என் அம்மாவின் வயதுக்காரர் இன்றும் பேசுகிறார்கள், அதில் கே.எஸ். பாலச்சந்திரனின் குரலையும் சேர்த்து. படமே இல்லை, வெறும் குரல். அதில் பேசியது வீட்டுத் தமிழ்.

1998இல் சக்தி, 2009இல் வசந்தம் என்று எங்களுக்கென்று சனல்கள் வந்தன. ஆனால் அங்கே இந்திய நாடகங்கள் நிறைந்திருப்பதற்கு நான் உங்களை மட்டும் குறை சொல்ல வரவில்லை. ஒரு பகுதியைப் புதிதாகப் படமெடுக்கிற காசுக்கு வெளியிலிருந்து எத்தனையோ பகுதிகளை வாங்கிவிடலாம் என்பது கடைக்காரனான எனக்கும் விளங்கும். வாங்கியதையாவது முழுதாகப் போடுங்கள். ஒரு சனலில் நாடகமொன்றை நடுவில் வெட்டிவிட்டு அடுத்த திங்கட்கிழமை வேறொன்றைத் தொடங்கினார்கள். ஒரு வரி அறிவித்தல்கூட இல்லை. சாம்பல்தீவில் ஒரு ஆச்சி, டிஷ்தான் பழுது என்று என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அவவுக்கு நான் என்ன சொல்ல?

ஆக, நான் கேட்பது பெரிய விசயமில்லை. ஒரேயொரு நாடகம். 26 கிழமை, கிழமைக்கு ஒன்று. காசு காணாதென்றால் 13 போதும். கமராவை எடுக்க முன்னம் கடைசிப் பகுதியை எழுதி முடியுங்கள். எழுத்தோட்டத்திலேயே "26இல் 4" என்று போடுங்கள், இது முடியப்போகிற கதை என்று பார்க்கிறவருக்குத் தெரியட்டும். விளம்பரம் தருகிறவர் நல்லாய்ப் போகுது, நூறாக்கு என்று கேட்டால் மறுத்து, வேண்டுமானால் அடுத்த வருடம் வேறு கதை செய்யுங்கள்.

ஆட்கள் பேசும் தமிழைப் பற்றியும் ஒன்று. உள்ளூரில் எடுத்த நாடகம் தோற்றால் "எங்கட சனம் எங்கட படைப்பைப் பார்க்காது" என்று பழியை எங்கள் மேல் போடுகிறீர்கள். செய்தி வாசிக்கிற தமிழில் புருசனும் பெண்சாதியும் சண்டை பிடித்தால் யார் பார்ப்பது? சில நேரம் சென்னைத் தமிழே பேசுகிறார்கள், பின்னால் தெரிகிற கடலோ எங்கள் கடல். மூதூரிலிருந்து டவுனுக்கு வருகிற ஒரு பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். முஸ்லிம் வீட்டுத் தமிழ் ஒரு விதம், தம்பலகாமத்து வயற்காரர் தமிழ் ஒரு விதம், டவுன் தமிழ் இன்னொரு விதம், நடுவில் கொண்டக்டர் சிங்களத்தில் சில்லறை கேட்பார். இதை அப்படியே பேச விடுங்கள். விளங்காது என்று பயப்படவேண்டாம், கீழே சிங்களத்தில் எழுத்தும் போட்டால் சந்தை இன்னும் பெருக்கும்.

கதைக்கும் பஞ்சமில்லை. 2009இல் பாலம் திறக்கும்வரை கிண்ணியாவுக்குப் போக ஆட்கள் 'பாதை' என்கிற மிதவையில்தான் தண்ணியைக் கடந்தார்கள். அந்தப் பாதைத்துறையில் ஒரு தேத்தண்ணிக் கடை இருந்ததாக வையுங்கள். பாலம் கட்டத் தொடங்குகிறார்கள், திறக்கும் நாளை நோக்கிக் கதை போகிறது. அன்றோடு கடைக்கு வாடிக்கை இல்லை, ஆனால் கடைக்காரரின் மகள் அந்தப் பாலத்தால்தான் பள்ளிக்கூடம் போவாள். முதல் பகுதியிலேயே கடைசிப் பகுதி இருக்கிறது. நஞ்சும் வேண்டாம், இரட்டைப் பிறவியும் வேண்டாம். மூதூர் ராத்தாவுக்காக ஒரு வில்லனை வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளுங்கள், கடைக்கு வட்டிக்குக் காசு கொடுத்தவனாக.

நேரத்துக்கு ஞாயிறு இரவு எட்டு மணி நல்லது. எந்த நேரமாயிருந்தாலும், கிரிக்கெட்டுக்கோ தேர்தல் கூட்டத்துக்கோ அதைத் தள்ளிவைக்காதீர்கள். தள்ளித்தான் ஆகவேண்டுமென்றால் முதல் கிழமையே அறிவியுங்கள், ஆட்கள் என்னைக் கூரையில் ஏற்றாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
டிஷ் பூட்டும் ஒருவன்,
உப்புவெளி, திருகோணமலை.