கானா: கொக்கோ விலை ஏறியும் மீள முடியாதது ஏன்?

ஆசிரியருக்கு வணக்கம்.

கானாவின் நெருக்கடியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கடன் சுமையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 2022 டிசம்பரில் வெளிக்கடன் தவணைகளை நிறுத்திய அந்நாடு, 2023 மே மாதம் பன்னாட்டு நிதியத்திடம் (IMF) 300 கோடி டாலர் கடனுதவிக்கு ஒப்புதல் பெற்றது உண்மைதான். ஆனால் 2024 மார்ச்சில் கொக்கோ டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியதே, பெரும் உற்பத்தி நாடான கானாவுக்கு அந்தப் பணம் ஏன் வந்து சேரவில்லை?

அங்கே கொக்கோ ஏற்றுமதி அரசின் கொக்கோ வாரியத்தின் கையில் இருக்கிறது. அறுவடைக்கு முன்பே விளைச்சலில் பெரும்பகுதியை முன்பேரத்தில் விற்று, அந்த ஒப்பந்தங்களை ஈடாக வைத்து வெளிநாட்டு வங்கிகளிடம் ஆண்டுதோறும் கடன் வாங்கித்தான் வாரியம் கொள்முதல் செய்துவந்தது. விலை சரியும் காலத்தில் இந்த ஏற்பாடு விவசாயியைக் காக்கும். ஏறும் காலத்தில் அவர் கையைக் கட்டிப்போடும். 2023 செப்டம்பரில் விவசாயிக்குத் தரும் விலையை 64 கிலோ மூட்டைக்கு 1,308 சீடி (கானாவின் நாணயம்) என்று அறிவித்தார்கள். சந்தை எங்கேயோ போன பிறகு, 2024 ஏப்ரலில்தான் அது 2,070 ஆனது. அதற்குள் ஏராளமான மூட்டைகள் எல்லை தாண்டிக் கடத்தப்பட்டுவிட்டன.

2020-21இல் 10 லட்சம் டன்னைத் தாண்டிய உற்பத்தி, 2023-24இல் ஏறத்தாழ 5.3 லட்சம் டன்னாகச் சுருங்கியது. விற்ற சரக்கைக் கொடுக்க முடியாமல் லட்சக்கணக்கான டன்னை அடுத்த பருவத்துக்குத் தள்ளினார்கள். அடுத்த விளைச்சலிலும் ஒரு பங்கு பழைய விலைக்கே போனது இதனால்தான். 2024இல் வங்கிக் கடன் முறையே கைவிடப்பட்டது.

விளைச்சல் விழுந்ததற்கு மழையை மட்டும் குறை சொல்ல முடியாது. மாவுப்பூச்சி பரப்பும் தண்டுவீக்க வைரஸ் நோய்க்கு மருந்தே இல்லை. நோயுற்ற மரத்தோடு அதை ஒட்டி நிற்கும் மரங்களையும் வெட்டி, நிழலுக்கு வாழை வைத்து, புதுக்கன்று நட வேண்டும். அது காய்க்க மூன்று ஆண்டுக்கு மேலாகும். 'அபுனு', 'அபுசா' என்ற வாரமுறைகளில், அதாவது விளைச்சலில் நில உரிமையாளருக்குப் பங்கு கொடுத்து, பயிரிடுவோருக்கு மரம் நிற்கும்வரைதான் நிலத்தில் உரிமை. வெட்டிய பின் நிலம் திரும்பக் கிடைக்குமா என்ற அச்சத்திலேயே பலர் நோயோடு மரத்தை விட்டுவைக்கிறார்கள். தோட்டத்தைத் தங்கம் தோண்டுவோருக்குக் கொடுத்துவிடுவோரும் உண்டு. குழி விழுந்து பாதரசம் கலந்த மண்ணில் மறுபடி கொக்கோ வளர்ப்பது எளிதல்ல.

உடனே செய்யக்கூடியவை இரண்டு. முன்பேர விற்பனை, மதிப்பிட்ட விளைச்சலில் பாதியைத் தாண்டக் கூடாது. மரம் வெட்டும் வாரதாரரின் உரிமையை, வெட்டுவதற்கு முன்பே எழுத்தில் பதிய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை