'கேஷ்': காசு வேறு, ரொக்கம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆங்கிலத்தின் 'கேஷ்' நம் 'காசி'லிருந்து போனது என்று மேடைகளிலும் இதழ்களிலும் அடிக்கடி சொல்லப்படுகிறது. அதில் பாதிதான் சரி. ஒரே எழுத்துக்கூட்டலில், வெவ்வேறு வேரில், ஆங்கிலத்தில் இரண்டு 'கேஷ்' உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியும் அவற்றைத் தனித்தனியாகவே பதிந்திருக்கிறது.

ரொக்கம் என்ற பொருளில் இன்று வழங்குவது தமிழிலிருந்து போனதல்ல. லத்தீனில் 'காப்ஸா' என்றால் பெட்டி. அச்சொல் இத்தாலி, பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்தது. அப்போது அதற்குப் பணப்பெட்டி என்றும் பொருள். பெட்டியின் பெயர் உள்ளிருந்த பணத்துக்கு ஆனது. நம் இலக்கணம் இதை இடவாகுபெயர் என்னும். கேஷியர், சூட்கேஸ், கேப்ஸ்யூல் எல்லாம் இந்தப் பெட்டிக் குடும்பம். கோர்ட்டு 'கேஸ்' மட்டும் சேராது, அதற்கு வேர் வேறு.

இன்னொரு 'கேஷ்' நம்முடையதேதான். காசைப் போர்ச்சுக்கீசியர் 'கைஷா' என்றார்கள். அவர்கள் மொழியில் பெட்டிக்கும் அதே சொல். குழப்பம் வளர்ந்ததில் வியப்பில்லை. ஆங்கிலேயர் வாயில் அந்த நாணயம் 'கேஷ்' ஆயிற்று. சென்னையில் கிழக்கிந்தியக் கும்பினியார் கணக்குப்படி 80 காசு ஒரு 'பணம்' என்னும் நாணயம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன் என்னும் பொன் நாணயம். ஆக, வராகனுக்கு 3,360 காசு.

கும்பினிக்காக 1808இல் இங்கிலாந்தில் அடித்த 20 காசு செப்பு நாணயத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் கும்பினியின் சிங்க முத்திரை. மறுபக்கம் ரோமன் எண்ணோடு 'கேஷ்' என்ற ஆங்கிலச் சொல், மேலே பாரசீகத்தில் 'பிஸ்த் காஸ்'. பிஸ்த் என்றால் இருபது. இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? இவற்றை ஏற்றி வந்த 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரம் குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. அதிலிருந்து மீட்ட காசுகள் இன்றும் நாணயச் சேகரிப்பாளர்களிடம் புழங்குகின்றன. சதுரத் துளையிட்ட சீனச் செப்புக்காசையும் ஆங்கிலேயர் 'கேஷ்' என்ற இந்தப் பெயரால்தான் அழைத்தார்கள். தமிழ்ச்சொல் சீனம்வரை போனதைச் சொல்லாமல், இல்லாத உறவைச் சொல்வது ஏன்?

ஒலி ஒத்தால் போதாது. சொல் எப்போது முதலில் எழுத்தில் வந்தது, அப்போது என்ன பொருள், எந்த மொழி வழியாகப் போனது என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். கட்டுமரத்திலிருந்து போன 'கேட்டமரான்', சுருட்டிலிருந்து போன 'செரூட்' ஆகியவை இந்தச் சோதனையில் தேறிவிடும்.

எனவே, காசிலிருந்து 'கேஷ்' என இனி வெளியிடும்போது, 'பழைய நாணயப் பெயராக' என்ற மூன்று சொற்களைச் சேர்க்க வேண்டுகிறேன்.

வாசகர்,
தஞ்சாவூர்