மீட்புச் சொற்களை நீங்களே எழுதி அனுப்பிய ஹார்டுவேர் வாலட் குறித்த புகார்

கோயம்புத்தூர்,
12.01.2026

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
ஹார்டுவேர் வாலட் விற்பனைப் பிரிவு.

பொருள்: ஏற்கெனவே அமைக்கப்பட்ட வாலட்டை விற்றது, ஆபத்தான வழிகாட்டித் தாள், மறுக்கப்பட்ட ரீஃபண்ட்.

ஐயா / அம்மையீர்,

டிசம்பர் மாதம் தங்கள் இணையதளத்தில் நான் வாங்கிய ஹார்டுவேர் வாலட் (கிரிப்டோ பணத்தின் ரகசியச் சாவியைக் காக்கும் சிறு கருவி), வேறு யாரோ ஏற்கெனவே அமைத்து வைத்த நிலையில் என் வீட்டுக்கு வந்தது. பெட்டிக்குள் இருந்த அட்டையில், கருவி தொலைந்தாலும் பணத்தை மீட்க உதவும் 24 மீட்புச் சொற்களும் பேனாவால் எழுதப்பட்டிருந்தன. கருவியின் பின்புறம் பின் நம்பர் ஸ்டிக்கராக ஒட்டப்பட்டிருந்தது. பெட்டியைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோவை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

அந்த வாலட்டுக்கு நான் ஒரு பைசாகூட அனுப்பவில்லை. அதையே காரணமாக்கித் தங்கள் கஸ்டமர் கேர் என் புகாரை முடித்து வைத்துவிட்டது. வாடிக்கையாளருக்கு நஷ்டம் ஏதும் இல்லையாம். பெட்டி பிரிக்கப்பட்டதால் பொருளைத் திரும்பப் பெற முடியாதாம். பிரிக்காமல் உள்ளே இருக்கும் அட்டையை நான் எப்படிப் பார்த்திருக்க முடியும்? இந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. என் முந்தைய மின்னஞ்சலைப் படித்தவருக்கு ஆபத்து என்னவென்று பிடிபடவில்லை என்றே நினைக்கிறேன். ஆகவே விரிவாக எழுதுகிறேன்.

காயின் அந்தக் கருவிக்குள் இருப்பதில்லை. அது பிளாக்செயின் என்ற பொது இணையப் பதிவேட்டில் இருக்கிறது. அதை நகர்த்தும் சாவி அந்த 24 சொற்களிலிருந்து உருவாகிறது. பிஐபி-39 என்ற பொது முறைப்படி, 2048 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து அந்தச் சொற்கள் எடுக்கப்படுகின்றன. புதிய கருவியை முதல் முறை இயக்கும்போது அது தனக்குள்ளேயே ஒரு சீரற்ற எண்ணை உருவாக்கி, அதைச் சொற்களாக்கித் தன் திரையில் காட்ட வேண்டும். வாங்கியவர் அதைப் பார்த்துத் தன் கையால் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். உலகத்தில் அவர் ஒருவரைத் தவிர வேறு யாரும் அந்தச் சொற்களைப் பார்த்திருக்கக் கூடாது. ஹார்டுவேர் வாலட்டுக்கு நாம் பணம் கொடுப்பது இந்த ஒன்றுக்காகத்தான். தாங்கள் செய்திருப்பது, பத்திரத்தை வேறொருவர் பெயரில் எழுதி வைத்துவிட்டு எனக்கு வீட்டுச் சாவியை மட்டும் கொடுத்தது போன்றது.

தங்கள் கஸ்டமர் கேரில் பேசியவர் மரியாதையாகவே பேசினார். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு யாரும் சரியாகச் சொல்லித் தரவில்லை. "ரெடி டு யூஸ் ஆப்ஷன் சார், கஸ்டமருக்குக் கஷ்டம் வேண்டாம்னு நாங்களே செட் பண்ணித்தான் அனுப்புறோம். வேணும்னா பின்னை மட்டும் மாத்திக்கோங்க, போதும்" என்றார். போதவே போதாது. பின் நம்பர் காப்பது அந்த ஒரு கருவியை மட்டும். அதை மாற்றினாலும் சொற்கள் மாறுவதில்லை, சாவியும் மாறுவதில்லை. அந்த 24 சொற்களைக் குறித்து வைத்திருப்பவர் இதே முறையில் இயங்கும் வேறெந்த வாலட்டிலும் அவற்றை உள்ளிட்டு முழுப் பணத்தையும் எடுத்துவிடலாம். அவருக்கு என் கருவியும் வேண்டாம், என் பின்னும் வேண்டாம். அவசரப்படவும் தேவையில்லை. வாலட் முகவரியில் (வங்கிக் கணக்கு எண் போன்றது) எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை பிளாக்செயினில் யாரும் பார்க்க முடியும் என்பதால், தொகை பெருகும் வரை வருடக்கணக்கில் காத்திருக்கலாம். "இதுவரை யாரும் கம்ப்ளெயிண்ட் பண்ணலையே சார்" என்று அவர் சொன்னது எனக்குத் துளியும் ஆறுதல் தரவில்லை.

இது என் கற்பனைப் பயம் அல்ல. 2018-லேயே, மறுவிற்பனையாளரிடம் வாங்கப்பட்ட லெட்ஜர் என்ற நிறுவனத்தின் வாலட்டோடு சுரண்டிப் பார்க்கும் அட்டை ஒன்றில் மீட்புச் சொற்களை அச்சடித்துக் கொடுத்து ஏமாற்றிய செய்தி வெளியானது. 2023-ல் காஸ்பர்ஸ்கி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், ட்ரெசர் என்ற இன்னொரு வாலட்டின் போலி ஒன்றைத் திறந்து பார்த்தார்கள். வெளியே பார்த்தால் அசலேதான், ஹாலோகிராம் ஸ்டிக்கர் உட்பட. உள்ளே சிப் மாற்றப்பட்டிருந்தது. கருவி புதிதாகச் சொற்களை உருவாக்குவது போலக் காட்டிவிட்டு, திருடன் முன்பே தயாரித்து வைத்திருந்த 20 தொகுதிகளில் ஒன்றைக் கொடுத்தது. அங்கே திருடன் சிப்பை மாற்ற வேண்டியிருந்தது. தங்கள் கிடங்கில் அந்தச் சிரமம்கூட இல்லை. சொற்களை எழுதிய ஊழியர் நேர்மையானவராகவே இருக்கட்டும். அவர் அவற்றை எங்கே பார்த்து எழுதினார், செல்போனில் படம் எடுத்தாரா, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதெல்லாம் தங்களுக்கே தெரியுமா?

அடுத்தது, பெட்டியில் இருந்த தமிழ் வழிகாட்டித் தாள். அதைப் பார்த்ததும் உண்மையிலேயே மகிழ்ந்தேன். இந்தக் கருவிகளோடு வரும் விளக்கங்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஆங்கிலம் சரளமாக வராத எத்தனையோ பேர், கிரிப்டோவை வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்ச் தளத்திலேயே பணத்தை விட்டு வைத்திருக்கிறார்கள். 2024 ஜூலையில் வசீர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சில் சுமார் 23 கோடி டாலர் களவுபோன பிறகு, சொந்தமாகச் சாவி வைத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கும் வந்திருக்கிறது. அவர்களுக்குத் தமிழில் எழுதியது நல்ல காரியம். ஆனால் எழுதியிருப்பதோ அவர்களை அழிக்கக்கூடியது. சொற்களைப் போட்டோ எடுத்து கூகுள் டிரைவில் சேமிக்கச் சொல்கிறது. வாரண்டி பதிவுக்காக அட்டையின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறது. இது எந்த நிறுவனமும், எந்தக் காரணத்துக்கும் கேட்கக் கூடாதது. ஆங்கிலம் கடினமாக இருந்தால் சொற்களைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்ளலாம் என்றும் ஒரு வரி இருக்கிறது. பிஐபி-39 பட்டியலில் தமிழ் கிடையாது. ஆங்கிலச் சொற்களை அதே எழுத்துக்கூட்டலோடுதான் கருவி ஏற்கும். ஐந்து வருடம் கழித்து, தமிழில் எழுதிய ஒலியை வைத்து எழுத்துக்கூட்டலை ஊகிக்க வேண்டிய நிலை ஒருவருக்கும் வரக் கூடாது.

இருக்க வேண்டியவை அதில் இல்லை. சொற்களைத் தாளில் எழுதிய பிறகு, பணம் போடுவதற்கு முன்பே கருவியை ரீசெட் செய்து, எழுதியதை வைத்து மீட்டெடுத்துப் பார்க்க வேண்டும் என்று இல்லை. எழுத்துப்பிழை இருந்தால் தெரியவரும் ஒரே நல்ல தருணம் அதுதான். முதலில் சிறு தொகையை அனுப்பிப் பார்க்கவும் சொல்லவில்லை. பெறும் முகவரியைக் கணினித் திரையில் மட்டும் பார்த்து நம்பாமல் கருவியின் திரையோடு ஒப்பிட வேண்டும் என்பது எங்கேயும் காணோம். காப்பி செய்த முகவரியைப் பேஸ்ட் செய்யும் நேரத்தில் மாற்றிவிடும் வைரஸ்கள் வெகுகாலமாகவே இருக்கின்றன. ஃபர்ம்வேரை (கருவியை இயக்கும் உள்மென்பொருளை) தயாரிப்பாளரின் அதிகாரபூர்வ செயலி வழியாக மட்டுமே புதுப்பிக்க வேண்டும் என்பதும் இல்லை.

கடைசியாக, தங்கள் மேற்பார்வையாளர் ஒருவர் "கிரிப்டோ விஷயத்துல கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கெல்லாம் போக முடியாது சார்" என்றார். நான் வாங்கியது ஜிஎஸ்டி பில்லோடு வந்த ஒரு மின்னணுப் பொருள். கிரிப்டோ லாபத்துக்கு 2022 ஏப்ரலிலிருந்து 30 சதவீத வரி இருக்கிறது. நான் கட்டியும் வருகிறேன். 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் கிரிப்டோவைச் சொத்து என்றே ஏற்றது. வாடிக்கையாளரை இப்படி மிரட்டி அனுப்புவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

என் கோரிக்கைகளுக்கு வருகிறேன். கருவியின் முழு விலையையும் கூரியர் செலவையும் திருப்பித் தர வேண்டும். மாற்றுக் கருவி வேண்டாம். என் அட்டையில் இருந்த சொற்களை யார் எழுதினார், அவற்றின் நகல் எங்காவது இருக்கிறதா என்பதற்கு எழுத்துப்பூர்வமான பதில் வேண்டும். "ரெடி டு யூஸ்" விற்பனையை உடனே நிறுத்த வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமானது ஒன்று உண்டு. இந்த ஆப்ஷனில் வாங்கிய ஒவ்வொருவருக்கும் தாங்களே தொலைபேசியில் பேசித் தெரிவிக்க வேண்டும். பின்னை மாற்றுவது போதாது, அட்டையில் வந்த சொற்களை வைத்து மீட்டெடுக்கவும் கூடாது, தயாரிப்பாளரிடம் நேரடியாக வாங்கிய கருவியில் புதிய சொற்களை உருவாக்கி, பணம் முழுவதையும் அந்தப் புதிய முகவரிக்கு மாற்ற வேண்டும் என்று தமிழில் தெளிவாகச் சொல்ல வேண்டும். பேசும்போது யாரிடமும் சொற்களைக் கேட்கக் கூடாது. என் ரீஃபண்ட் தாமதமானாலும் பரவாயில்லை, இது தாமதமாகக் கூடாது. அவர்களில் எத்தனை பேர் ஓய்வுப் பணத்தையோ மகள் கல்யாணத்துக்குச் சேர்த்ததையோ அதில் போட்டிருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது.

2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். அதற்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும், கோயம்புத்தூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடுவேன். வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்க 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. அட்டையின் படத்தைக் கேட்ட வாட்ஸ்அப் எண்ணைப் பற்றித் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் தனியே பதிவு செய்திருக்கிறேன். கருவி, அட்டை, ஸ்டிக்கர் மூன்றும் வந்த நிலையிலேயே என்னிடம் பத்திரமாக உள்ளன. பரிசோதிக்க விரும்பினால் ஆள் அனுப்புங்கள். என் முன்னிலையில் பார்க்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்
(பெயர், முகவரி, ஆர்டர் எண் இணைப்பில்)

இணைப்பு: பில் நகல், வீடியோ, சொற்கள் மறைக்கப்பட்ட அட்டையின் படம், வழிகாட்டித் தாளின் நகல், கஸ்டமர் கேர் மின்னஞ்சல்கள்.