தாரமங்கலத்திலிருந்து தொடங்கலாம்

ஆசிரியருக்கு,

பள்ளிகளில் பல நாட்டுச் சிற்பங்களை அறிமுகப்படுத்த வேண்டும் என்ற தங்கள் தலையங்கம் வரவேற்கத்தக்கது. ஆனால் படத்தைக் காட்டி, நாட்டையும் நூற்றாண்டையும் ஒப்பிக்கச் சொல்வதோடு அது முடிந்துவிடக் கூடாது. (மனப்பாடத்துக்கு வேறு பாடங்களா இல்லை?) செய்முறையிலிருந்து தொடங்கினால்தான் குழந்தைகளுக்கு ஆர்வம் பிறக்கும். சோழர் காலச் செப்புத் திருமேனிகளும், இன்றைய நைஜீரியாவில் இருந்த பெனின் அரசின் பித்தளைத் தலைகளும் மெழுகில் உருச் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகம் ஊற்றி வார்க்கப்பட்டவை. நம்முடையவை பெரும்பாலும் உள்ளும் உலோகமே நிரம்பிய கெட்டி வார்ப்பு. பெனின் தலைகள் உள்ளே மண் கரு வைத்து வார்த்த கூடு. இந்த ஒரு வேறுபாடே ஒரு வகுப்புக்குப் போதும்.

தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்கு மாணவர்களை அழைத்துச் சென்றபோது, யாளியின் வாய்க்குள் உருளும் கல் பந்தைவிட்டு அவர்கள் நகரவே இல்லை. ‘பந்தை எப்படி உள்ளே வைத்தார்கள்?’ என்று கேட்டார்கள். வைக்கவில்லை, அங்கேயே செதுக்கினார்கள் என்றதும் வியந்தார்கள். சேலம் மாவட்டப் பள்ளிகள் முதலில் அங்கே அழைத்துச் செல்லட்டும். மறுவாரம் ஓவிய வகுப்பில் சோப்புக் கட்டியும் களிமண்ணும் கொடுத்துச் செய்து பார்க்கச் சொல்லிவிட்டு, பிறகு பெனின் படங்களைக் காட்டட்டும்.

ஓவிய ஆசிரியர், ஓமலூர்