மலாவி ஏரிக்கரையிலிருந்து அக்காவுக்கு

மங்கி பே, மலாவி
ஜூன், ஞாயிற்றுக்கிழமை

பாசமுள்ள அக்காவுக்கு,

இயேசுவுக்கே புகழ். குளச்சல் அண்ணன் லீவு முடிந்து வந்து, உன் கடிதத்தையும் பொதியையும் கையில் தந்தார். கருவாடு உடையாமல் வந்து சேர்ந்தது. குடம்புளியைப் பிரித்ததும் அறை முழுக்க அம்மாவின் அடுக்களை வாசம். போனில் ‘நல்லா இருக்கேன்’ என்று சொல்லி வைத்துவிடுகிறேன் என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தாய். இன்று பட்டறை லீவு. விவரமாகவே எழுதுகிறேன்.

இங்கே இப்போது குளிர்காலம். தென்கிழக்கிலிருந்து ம்வேரா என்று ஒரு காற்று அடிக்கும். அது இறங்கினால் ஏரி நம்ம ஆடிமாசக் கடலைப் போலப் புரளும், வள்ளங்கள் எல்லாம் கரையேறிவிடும். எஞ்சின் பழுதுக்கு ஆள் வருவதும் குறைவு. சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. மக்காச்சோள மாவைக் கிண்டி ந்சிமா என்று உருட்டித் தருவார்கள். மரச்சீனியும் கிடைக்கிறது, அவித்து மிளகு அரைத்துத் தொட்டுக்கொள்கிறேன். மீனில் இவர்களுக்குப் பெரிது சம்போ. அது குறைந்துபோய் விலை ஏறிவிட்டது. நான் வாங்குவது உசிபாதான். ராத்திரி விளக்கு வைத்துப் பிடித்து, பரண் கட்டி வெயிலில் காயவைக்கிற சின்ன மீன். எனக்கு அதுவே பிடித்திருக்கிறது, நீ வேறொன்றும் நினைக்க வேண்டாம்.

பக்கத்து வீட்டில் ஒரு கிழவர் இருக்கிறார். ஊரே அவரை அகோகோ என்றுதான் கூப்பிடும், தாத்தா முறை. கதவைத் தட்டுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. நேராக உள்ளே வந்து சட்டி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு அப்புறம்தான் என் முகத்தைப் பார்ப்பார். குடம்புளிக் குழம்பை ருசி பார்த்தவர் மறுநாள் தன் தட்டோடு வந்து உட்கார்ந்துவிட்டார். ‘என் தொட்டி மஞ்சள் மீனுக்கு எது சொந்த ஊர், அதில் இத்தனை வகை எப்படி வந்தது’ என்று மருமகன் உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் கேட்டிருந்தானே, அதற்குப் பாதிப் பதில் இவரிடம் கற்றது. மீதி, நான் எஞ்சின் பார்த்துக் கொடுக்கிற முக்குளிப்புப் படகுக்காரர்கள் சொன்னது. அவனுக்கு இதை வாசித்துக் காட்டு.

மக்கா, நாகர்கோவில் கடையில் நீ வாங்கிய மஞ்சள் மீனின் சொந்த ஊர் இந்த ஏரிதான். வடக்கே என்கட்டா பே பக்கத்துப் பாறைகளில் வாழ்கிற, சிக்லிட் என்ற மீன் குடும்பத்து வகை அது. ஏரி கிட்டத்தட்ட 580 கிலோமீட்டர் நீளம், ஆழம் 700 மீட்டர் வரும். இதில் சிக்லிட் குடும்பத்து மீன் மட்டும் 800 வகைக்கு மேல், ஏறக்குறைய எல்லாமே இங்கே மட்டும் உள்ளவை. உலகத்தில் வேறெந்த ஏரியிலும் இத்தனை மீன் வகை இல்லை. அதற்காகவே 1984-ல் இதன் தென்கரைப் பூங்காவை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தார்கள்.

இத்தனை வகை எப்படி வந்தது என்றா கேட்டாய்? இந்த மீன்களுக்கு வாயில் ஒரு தாடை, தொண்டைக்குள் இன்னொரு தாடை. அரைக்கிற வேலையைத் தொண்டை பார்த்துக்கொள்ளும். அதனால் முன்வாய் எந்த வேலைக்கும் மாறிக்கொள்ளலாம். ஒன்று பாறையில் பாசி சுரண்டும், இன்னொன்று அடுத்த மீனின் குஞ்சைத் திருடும். ஒன்று செத்தது போல மணலில் சாய்ந்து கிடந்து, கொத்த வருகிற குஞ்சைக் கவ்வும். அதை அகோகோ எனக்குத் தண்ணீருக்குள் கைகாட்டித் தந்தார். நத்தையை உடைத்துத் தின்கிற ஒரு வகையும் உண்டு. அதை அளவில்லாமல் பிடித்ததால் நத்தை பெருகி, நத்தை வழி வரும் நோயும் கூடிவிட்டது என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள். வலையில் ஒரு மீன் குறைந்ததற்குக் கரையில் குழந்தைகள் நோய்ப்படுவது எனக்குத் தாங்கவில்லை.

பாறை மீன் நடுவிலுள்ள மணலைக் கடந்து போகாது. ஆகவே ஒரு பாறைக்கூட்டத்தில் நீலம், அடுத்ததில் மஞ்சள் என்று நிறம் பிரிந்து நிற்கிறது. பெண் மீன் நிறம் பார்த்துத்தான் ஆணைத் தேர்ந்தெடுக்கும். இந்தப் பிரிவெல்லாம் ஏறக்குறைய கடந்த 10 லட்சம் ஆண்டுகளுக்குள் நடந்தது. மீன் கணக்கில் அது மிகக் குறைந்த காலம்.

பாட்டி மணக்குடிக் காயலில் வாங்குகிற கரிமீனும் பள்ளத்தியும் இதே குடும்பம், தெரியுமா? அவற்றுக்கு நெருங்கிய சொந்தம் மடகாஸ்கரில் இருக்கிறது. குளத்துத் திலாப்பியா மட்டும் வந்தேறி, 1952-ல் இலங்கையிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. அதன் பூர்வீகம் இந்த ஏரித் தண்ணீர் போய்ச் சேர்கிற சாம்பசி ஆற்றின் கீழ்ப்பக்கம். ஒன்று மட்டும் மாமா சொல்வதைக் கேள்: தொட்டி மீனைக் காயலிலோ குளத்திலோ விட்டுவிடாதே. விக்டோரியா ஏரியில் 1950-களில் நைல் கொடுவாய் என்ற, மற்ற மீனைத் தின்கிற பெரிய மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். 1980-களில் அங்கிருந்த சிக்லிட் வகைகள் நூற்றுக்கணக்கில் காணாமல் போயின.

அக்கா, இந்த ஏரியின் சிக்லிட்டில் ஏறக்குறைய எல்லா வகையிலும் பெண் மீன் முட்டையை வாய்க்குள் வைத்துப் பொரிக்கும். மூன்று வாரம் போல அநேகமாகப் பட்டினிதான். சில வகைகளில் குஞ்சு வெளியே வந்த பிறகும், ஆபத்து என்றால் தாய் வாயைத் திறக்கும், அத்தனையும் உள்ளே ஓடிவிடும். போன வாரம் கண்ணாடி மாட்டித் தண்ணீருக்குள் அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். கண் கலங்கிவிட்டது. இங்கே கரை இருக்கிறது, அலை இருக்கிறது, வலை இழுக்கிற சத்தம்கூட இருக்கிறது. உப்புக் காற்று இல்லை. சாயங்காலம் கோயில் மணி கேட்காமல் என்னவோ போல இருக்கிறது. அம்மாவிடம் இதைச் சொல்லாதே.

இந்த மாசப் பணம் கொஞ்சம் தள்ளிப் போகும். நாட்டில் டாலருக்குத் தட்டுப்பாடு, வேறொன்றுமில்லை. சின்னவளின் நகைச்சீட்டை நிறுத்திவிடாதே, நான் பார்த்துக்கொள்கிறேன். ராஜாக்கமங்கலத்து வரனை அவளுக்குப் பிடித்திருந்தால் மட்டும் மேலே பேசுங்கள். படிப்பை முடித்த பிறகுதான் கல்யாணம் என்பதை முதலிலேயே அத்தான் சொல்லிவிடட்டும்.

சித்தப்பா காயல்கரைத் தோப்பில் தன் பங்கை விற்பதானால் விற்கட்டும், அது அவர் பாடு. ஆனால் கிணறும் வழியும் பொதுவில் எழுதியிருக்கிறது. பழைய பத்திரம் அம்மாவின் பச்சைப் பெட்டியில், அப்பாவின் ஜெபமாலைக்குக் கீழே இருக்கும். அத்தானை விட்டு ஒரு நகல் எடுத்து, சர்வேயர் அளந்த பிறகு பேசச் சொல். அதுவரை அம்மா எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். பவர் எழுத வேண்டுமென்றால் வாசகத்தை எனக்கு அனுப்பு.

கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு வரப் பார்க்கிறேன், அம்மாவிடம் இப்போதே உறுதி சொல்ல வேண்டாம். அவள் கண் ஆபரேஷனை மழை விட்டதும் முடித்துவிடு, தள்ளிப்போடாதே. சர்வேயர் வருகிற தேதி தெரிந்ததும் போன் பண்ணு.

உன் தம்பி