அந்த இணையத்தளத்தை நடத்துவது யார்? பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். தவணைப் பரீட்சைப் புள்ளிகளைப் பற்றியோ வரவைப் பற்றியோ இதை எழுதவில்லை. பிள்ளைகள் போனில் வாசித்து, உண்மை என்று நம்பி, வகுப்புக்குக் கொண்டுவரும் சில கதைகளைப் பற்றி உங்களோடு பேச வேண்டியிருக்கிறது.

போன மாதம் தரம் 10 புவியியல் பாடத்தில் 2004 சுனாமி பற்றிய பேச்சு வந்தது. ஒரு மாணவன் எழுந்து, அது இயற்கை அனர்த்தமே இல்லை, ஒரு வல்லரசு கடலுக்கடியில் அணுகுண்டு வெடித்துப் பார்த்ததால் வந்தது என்றான். யாரென்று சொல்லமாட்டேன், நீங்களும் தயவுசெய்து தேட வேண்டாம். ஆசிரியை அவனை ஏசவில்லை. கணினி அறைக்குக் கூட்டிப்போய் அவன் வாசித்த தளத்தைத் திறந்தார், என்னையும் கூப்பிட்டார். கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று இருந்தது. கடலிலிருந்து மலை போல நீர்த்தூண் எழும்புகிறது, அதன் அடியில் கப்பல்கள் சின்னச் சின்னதாய்த் தெரிகின்றன. சுனாமிக்குச் சற்று முன் எடுத்தது என்று கீழே போட்டிருந்தார்கள். அது 1946 ஜூலையில் பசிபிக் கடலின் பிகினி தீவில் அமெரிக்கா நடத்திய அணுச் சோதனையின் படம். பக்கத்தில் எழுதியவர் பெயர் இல்லை, முகவரி இல்லை, திகதிகூட இல்லை. விளம்பரங்கள் மட்டும் நிறைய இருந்தன.

“அப்ப என்ட அம்மம்மாவ ஆர் டீச்சர் கொண்டது?” என்று அவன் கேட்டான். அவன் கெட்டிக்காரப் பிள்ளை. அறிவு குறைந்ததால் அதை நம்பவில்லை. சுனாமியில் உறவைப் பறிகொடுக்காத வீடு இந்த மட்டக்களப்புக் கரையில் குறைவு. அந்த வலிக்கு ஒரு குற்றவாளியைக் காட்டிக் கொடுக்கிறார்கள், பிள்ளை பிடித்துக்கொள்கிறது.

ஆசிரியை விளக்கியதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். சுனாமி வந்த அன்று காலை ஏழு மணிக்குச் சற்று முன் இந்தோனேசியாவின் சுமாத்திராத் தீவுக்கு அப்பால், கடலுக்கடியில் பூமியின் பாறைத் தட்டுகள் 1200 கிலோமீற்றருக்கும் மேலான நீளத்துக்கு நழுவின. அந்த நழுவல் முடிய எட்டுப் பத்து நிமிடங்கள் எடுத்தன. குண்டு என்றால் ஒரே இடத்தில், ஒரே கணத்தில் வெடித்து முடிந்துவிடும். இரண்டும் நிலநடுக்கப் பதிவில் வேறு வேறாகத் தெரியும், அந்தப் பதிவுகள் உலகெங்கும் உள்ளன. அலை நம் கரைக்கு வர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆனது. கடலடி அதிர்வை நம்புகிற பிள்ளைதான் கடல் உள்வாங்கும்போது நின்று வேடிக்கை பார்க்காமல் ஓடும். இந்தக் கதையை நான் சிறிய விடயமாக எடுக்காததற்குக் காரணம் அதுதான்.

இப்படியான கதைகளை யார் செய்கிறார்கள்? சிலருக்கு விளம்பரக் காசு. 2016 அமெரிக்கத் தேர்தல் நேரம் மசிடோனியாவின் வேலஸ் என்ற சிறிய ஊரில் இளைஞர்கள் பொய்ச் செய்தித் தளங்களை நடத்திச் சம்பாதித்தார்கள். ஆனால் அரசுகள் செய்வது அதைவிடப் பாரதூரமானது. 1983 இல் டெல்லியின் ‘பேட்ரியட்’ பத்திரிகையில் பெயரில்லாத கடிதம் ஒன்று வந்தது: எய்ட்ஸ் கிருமியை அமெரிக்க இராணுவ ஆய்வுகூடம் உண்டாக்கியதாம். சோவியத் உளவுத்துறையான கேஜிபியின் வேலை அது. இரண்டு வருடம் கழித்து சோவியத் பத்திரிகை ஒன்று, ‘இந்தியப் பத்திரிகையே சொல்கிறது’ என்று அதை எடுத்துப் போட்டது. அப்புறம் நாடு நாடாகப் பரவியது. 1992 இல் ரஷ்ய உளவுத்துறைத் தலைவர் பிரிமாகோவ் அதை ஒப்புக்கொண்டார். இப்போது அதற்கு வருடக்கணக்கு வேண்டாம். 2022 இல் ஐரோப்பாவில் கண்டுபிடித்தார்கள்: ஜேர்மனியின் ஸ்பீகல், பிரித்தானியாவின் கார்டியன் போன்ற பத்திரிகைகளின் தளங்களை அச்சு அசலாகப் போலி செய்து, ரஷ்யாவுக்குச் சாதகமாக உக்ரேனைப் பற்றிப் பொய் எழுதியிருந்தார்கள். முகவரியின் கடைசி எழுத்துகள் மட்டும்தான் வேறு. போனில் அதை எந்தப் பிள்ளை கவனிக்கும்? ஒரு நாடு மட்டும்தான் இப்படிச் செய்கிறது என்றும் நினைக்க வேண்டாம்.

தூரத்துக் கதை என்று இருந்துவிடவும் முடியாது. 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் கடையின் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்ததாகக் கதை கட்டினார்கள். பேஸ்புக்கில் அது ஓடியது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பிறகு அரச பகுப்பாய்வில் அது மாக்கட்டி என்று தெரிந்தது. ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை என்று ஒன்று உலகத்திலேயே இல்லை. ஆனால் உடைத்தது உடைத்ததுதான். அந்தக் கதையைப் பரப்பியவர்களில் நம் பிள்ளைகளின் வயதினரும் இருந்திருக்கலாம் என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் பக்கத்துப் பக்கத்து ஊரில் இருக்கிற இடம் இது. இங்கே ஒரு பொய் விழுந்தால் யார் தலையில் விழும் என்று உங்களுக்குத் தெரியும்.

போனைப் பறிக்கச் சொல்லவில்லை. பறித்தால் பிள்ளை கூட்டாளியின் போனில் பார்க்கும், உங்களிடம் சொல்லாது. “என்ன வாசிக்கிறாய், எனக்கும் காட்டு” என்று பக்கத்தில் உட்காருங்கள். தளத்தில் எழுதியவர் பெயர் இருக்கிறதா, முகவரியின் கடைசி எழுத்து சரியா, இதே செய்தி நாமறிந்த வேறு இரண்டு இடங்களில் வந்திருக்கிறதா என்று இரண்டு பேருமாகத் தேடிப் பாருங்கள். பிள்ளை பிழையாக நம்பியிருந்தால் சிரிக்காதீர்கள். அடுத்த முறை காட்டாது. அத்தோடு, இதைச் சொல்லத்தான் வேண்டும், வகுப்பு வட்ஸ்அப் குழுக்களில் இப்படியான செய்திகளைப் போடுவது அதிகமும் பெரியவர்களாகிய நாங்கள்தான். இனி அந்தக் குழுக்களில் பாட விடயம் மட்டும் வரும். மற்றதை வகுப்பாசிரியர்கள் நீக்குவார்கள். “கடல் வருகிறது” என்று யாராவது அனுப்பினால் பகிராமல் 117 க்கு அழையுங்கள், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் அது.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குப் பிறகு கணினி அறை திறந்திருக்கும். உங்களுக்குச் சந்தேகமான செய்தியைப் போனில் சேமித்துக் கொண்டுவாருங்கள், தகவல் தொழில்நுட்ப ஆசிரியரும் தரம் 10 மாணவர்களும் அதன் மூலத்தைத் தேடிக் காட்டுவார்கள். அந்த மாணவனும் அங்கே உதவிக்கு நிற்பான். தானாகவே பெயர் கொடுத்திருக்கிறான்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் அதிபர்,
மட்டக்களப்பு மாவட்டம்